சேர்ந்த வேலை சரியில்லை என்றால்: கோலாலம்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, வேலை பிடிக்கவில்லை, விட்டுவிடலாமா என்று கேட்பவர்கள் இந்த ஊரில் நிறைய. பிரிக்ஃபீல்ட்ஸில் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்து மேசையிலேயே இந்தப் பேச்சு காதில் விழும். ஊரிலிருந்து வரும் தம்பி தங்கைகளிடம் நான் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். வேலையை விடாதே என்று சொல்ல வரவில்லை. விட வேண்டிய வேலைகள் உண்டு, அவற்றைத் தள்ளிப்போடவே கூடாது. ஆனால் மலேசியாவில் வேலையை விடுவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. அது முன்பின்னாகப் போனால் காசும் போகும், இங்கே வேலை செய்ய அனுமதிக்கும் பாஸும் போகும்.

முதலில் ஒன்றை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இதே வேலை, இதே மேனேஜர், சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருந்தால் இருந்திருப்பீர்களா? ஆமாம் என்று மனம் சொன்னால், உங்களை வாட்டுவது வேலை இல்லை, தனிமை. பொது அறையும் பொதுச் சமையலறையுமாக ஒரு வீடு, வார இறுதியில் பேச ஆள் இல்லை, மலாய் புரியவில்லை, அலுவலகத்தில் எல்லாரும் மாண்டரினில் பேசிக்கொண்டே மதிய உணவுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். இதெல்லாம் வேறு கம்பெனிக்குப் போனாலும் கூடவே வரும். இதற்கு ராஜினாமா மருந்து ஆகாது, சில மாதம் ஆக வேண்டும், நாலு மனிதர்கள் பழக வேண்டும்.

இன்னொரு ஏமாற்றம் முதல் சம்பளச் சீட்டில் வரும். பேசிய சம்பளத்தில் கால்வாசிக்கு மேல் காணோம், கம்பெனி ஏமாற்றிவிட்டது என்று பதறுவார்கள். பெரும்பாலும் அது வரி. புதிதாக வந்த வெளிநாட்டவரை நான்-ரெசிடென்ட், அதாவது வரிக்கு இந்நாட்டில் வசிக்காதவர், கணக்கில் வைத்து 30 சதவீதம் பிடித்துவிடுகிறார்கள். ரெசிடென்ட் ஆனதும் கூடுதலாகப் பிடித்ததைத் திரும்பப் பெறலாம். இந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன், வேலையை எப்போது விடுவது என்பதையே இது மாற்றிவிடும்.

இவை இரண்டும் இல்லை, வேலையேதான் சரியில்லை என்றால் ஆஃபர் லெட்டரை எடுங்கள். போன ஆண்டு திருநெல்வேலிப் பையன் ஒருவன் என்னைப் பார்க்க வந்தான். பங்சார் சவுத்தில் வேலை. சாஃப்ட்வேர் எழுதுவான் என்று சொல்லி எடுத்தவர்கள், வந்ததும் ஐரோப்பியக் கிளையன்ட்டின் புகார் டிக்கெட்டுகளைப் பார்க்கும் இரவு ஷிஃப்டில் போட்டுவிட்டார்கள். "சொன்னது ஒண்ணு, கொடுத்தது ஒண்ணுண்ணே" என்றான். மாமாக் கடை என்று இங்கே சொல்லும் இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை மேசையில் லெட்டரை விரித்து வரிவரியாகப் படித்தோம். பதவியின் பெயர் சரியாக இருந்தது. கீழே வேலை விவரத்தில் ஆறு வரி. ஐந்து வரி அவன் நினைத்த வேலை. ஆறாவது வரி: நிர்வாகம் அவ்வப்போது ஒப்படைக்கும் பிற பணிகள். ஷிஃப்ட் பற்றி வேறொரு பக்கத்தில், பணித் தேவைக்கேற்ப வேலை நேரம் மாறலாம் என்று ஒரு வாக்கியம். இன்டர்வியூவில் பேசியது எதுவும் எழுத்தில் இல்லை.

அவனுக்குக் கோபம் நியாயமானதுதான். ஆனால் அவன் கம்பெனி ஒப்பந்தத்தை மீறவில்லை. இந்த வித்தியாசம் முக்கியம். எழுத்தில் இருப்பதை மீறினால் நீங்கள் உடனே நகரலாம், சட்டமும் கூட நிற்கும். வாய்ப்பேச்சு பொய்த்தால், நகருங்கள், ஆனால் உங்களுக்கு வசதியான நாளில் நகருங்கள்.

உடனே நகர வேண்டியவை எவை? சம்பளம். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் வந்தாக வேண்டும். ஒரு மாதம் தாமதமானால் கேளுங்கள், அடுத்த மாதமும் தாமதமானால் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். 2023 ஜனவரி 1 முதல் அந்தச் சட்டம் சம்பள வரம்பு பார்க்காமல் எல்லா ஊழியருக்கும் பொருந்துகிறது. ஓவர்டைம் போன்ற சில உரிமைகளுக்கு மட்டும் மாதம் 4,000 ரிங்கிட் வரம்பு உண்டு. அப்புறம் பாஸ்போர்ட். "பத்திரமா இருக்கட்டும்" என்று வாங்கி வைத்துக்கொள்ளும் முதலாளிகள் இன்னும் இருக்கிறார்கள். அடுத்தவர் பாஸ்போர்ட்டைச் சட்ட அனுமதியில்லாமல் வைத்திருப்பது 1966ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். மூன்றாவது, பாஸில் ஒரு கம்பெனி பெயர் இருக்க, உங்களை வேறொரு கம்பெனிக்கு வேலைக்கு அனுப்புவது. சோதனையில் மாட்டினால் தொல்லை உங்களுக்கும்தான். இந்த மூன்றில் எது நடந்தாலும் பொறுமை வேண்டாம்.

மற்றபடி எல்லாருக்கும் சொல்வது ஒன்றே: அடுத்த வேலை உறுதியாகும்வரை ராஜினாமாவை எழுதாதீர்கள். ஊரில் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இரண்டு மாதம் உட்கார்ந்து தேடலாம். இங்கே முடியாது. எம்ப்ளாய்மென்ட் பாஸ் உங்களை வேலைக்கு எடுத்த கம்பெனியோடு கட்டிப்போட்ட ஒன்று. கம்பெனியை விட்டால் பாஸ் ரத்தாகும், மனைவி பிள்ளைகளின் டிபென்டன்ட் பாஸும் கூடவே போகும். பிள்ளையைப் பள்ளியில் சேர்த்திருப்பவர்கள் இதை இரண்டு முறை யோசிக்க வேண்டும். புதிய கம்பெனி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு அந்தக் கம்பெனி இஎஸ்டி (ESD) எனப்படும் குடிநுழைவுத் துறையின் வெளிநாட்டு ஊழியர் பிரிவில் ஏற்கெனவே பதிந்திருக்க வேண்டும். இன்டர்வியூவிலேயே வெட்கப்படாமல் கேளுங்கள்: உங்கள் கம்பெனி இஎஸ்டியில் பதிந்திருக்கிறதா, இப்போது அங்கே வெளிநாட்டவர் யாராவது வேலை செய்கிறார்களா? இல்லை, இனிமேல்தான் பதிய வேண்டும் என்றால், எவ்வளவு நல்ல சம்பளமாக இருந்தாலும் தேதியை நம்பாதீர்கள்.

இப்போது அந்த வரிக் கணக்கு. இதைப் பலரும் தெரியாமல் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதில் மனவருத்தம்.

ஒரு காலண்டர் ஆண்டில் 182 நாள் அல்லது அதற்கு மேல் மலேசியாவில் இருந்தால் நீங்கள் வரிக்கு ரெசிடென்ட். குறைந்தால் நான்-ரெசிடென்ட், சம்பளம் முழுவதற்கும் 30 சதவீதம், தனிநபர்க் கழிவு எதுவும் கிடையாது. மாதம் 9,000 ரிங்கிட் சம்பளத்தில் செப்டம்பர் முதல் தேதி சேர்கிறீர்கள் என்று வையுங்கள். டிசம்பர் முடிய 36,000. நான்-ரெசிடென்ட் என்றால் வரி 10,800. ரெசிடென்ட் என்றால் தனிநபர்க் கழிவு 9,000 போக மீதி 27,000, அதற்கு வரி 360 ரிங்கிட். வரிக்குரிய வருமானம் 35,000க்குள் இருப்பவருக்கு 400 ரிங்கிட் தள்ளுபடி இருப்பதால் அந்த 360ம் கட்ட வேண்டியதில்லை. அதே உழைப்பு, அதே சம்பளம், ஒரு பக்கம் பத்தாயிரத்துக்கு மேல், ஒரு பக்கம் ஒன்றுமில்லை.

செப்டம்பரில் வந்தவருக்கு அந்த ஆண்டில் 182 நாள் எங்கே வரும் என்று கேட்பீர்கள். வராது. ஆனால் அந்தக் குறைந்த காலம், அடுத்த ஆண்டின் தொடர்ச்சியான 182 நாளோடு ஒட்டியிருந்தால், முதல் ஆண்டுக்கும் ரெசிடென்ட் ஆகலாம். ஜனவரி 1 முதல் எண்ணிப் பாருங்கள், சாதாரண ஆண்டில் 182ஆவது நாள் ஜூலை 1. இடையில் ஊருக்குப் போய் வருவது மொத்தம் 14 நாளுக்குள் இருந்தால் தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்ள மாட்டார்கள். பொங்கலுக்கு ஒரு தடவை, அக்கா கல்யாணத்துக்கு ஒரு தடவை என்று போனால் 14 நாள் சுலபமாகத் தாண்டிவிடும். புத்தாண்டு சமயத்தில் வெளியே இருக்கப் போகிறீர்கள் என்றால் டிக்கெட் போடுமுன் வரி ஆலோசகர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். பாஸ்போர்ட்டில் விழும் ஒவ்வொரு முத்திரையையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே மார்ச் மாதம் வெறுத்துப்போய் ஊருக்கே திரும்ப நினைக்கும் ஒருவர், ஜூலை முதல் வாரம்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் இரண்டு ஆண்டுகளுக்குமான வரி குறையும். எண்ணப்படுவது நீங்கள் மலேசியாவில் இருந்த நாட்கள்தான், கம்பெனி எது என்பது இல்லை. கோலாலம்பூரிலிருந்து பினாங்கு பாயான் லெப்பாஸில் வேறு வேலைக்கு மாறினாலும் நாள் எண்ணிக்கை தொடரும். அந்தத் திருநெல்வேலிப் பையன் அதைத்தான் செய்தான். மேனேஜரிடம் தயங்காமல் ஒரு மெயில் போட்டான்: என்னை எடுத்த வேலைக்கு எப்போது மாற்றுவீர்கள், தேதி சொல்லுங்கள். பதில் வழவழவென்று வந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்கு முடிவு தெளிவாகிவிட்டது. இரவு ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே பகலில் இன்டர்வியூ கொடுத்தான், இப்போது பினாங்கில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் அவனுக்குப் பிடித்த வேலை பார்க்கிறான். காலையில் பினாங்குப் பாலத்தில் வண்டிகள் நிற்பதைப் பற்றிப் புலம்புவதோடு சரி. அந்த மெயிலை நீங்களும் போடுங்கள். சில இடங்களில் உண்மையிலேயே மாற்றித் தருகிறார்கள், கேட்டால்தான் தெரியும்.

நோட்டீஸ் காலம் ஒப்பந்தத்தில் உள்ளபடி. புரோபேஷனில் குறைவாக இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் எதுவும் இல்லையென்றால் இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சர்வீஸுக்கு நான்கு வாரம். உங்களுக்கு மூன்று மாதம், கம்பெனிக்கு ஒரு மாதம் என்று ஒருதலையாக எழுதியிருந்தால் கேள்வி கேளுங்கள், சட்டத்தில் இரு தரப்புக்கும் ஒரே காலம்தான். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடாதீர்கள். தகவலும் தகுந்த காரணமும் இல்லாமல் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராவிட்டால் ஒப்பந்தத்தை நீங்களே முறித்ததாகிவிடும்.

பாண்டு எழுதிக் கொடுத்திருப்பவர்கள் பயந்துபோய் வருடக்கணக்கில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் கஷ்டமாக இருக்கும். முன்கூட்டிப் போனால் இத்தனை ஆயிரம் கட்டு என்று எழுதியிருப்பதால் மட்டும் அத்தனையும் கட்டியாக வேண்டும் என்பதில்லை. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆவது பிரிவு நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது. போட்டிக் கம்பெனியில் சேரவே கூடாது என்ற நிபந்தனை, வேலையை விட்ட பிறகு அதே சட்டத்தின் 28ஆவது பிரிவின்கீழ் செல்லாது. இருந்தாலும் டிக்கெட், பாஸ் செலவு என்று உண்மையாகச் செலவழித்திருந்தால் பேசி ஒரு தொகைக்கு வாருங்கள். தொகை பெரியது என்றால் வக்கீல் ஒருவரிடம் அரைமணி நேரம் காட்டிவிடுங்கள்.

கையில் இரண்டு மூன்று மாதச் செலவுக்குப் பணம் இருக்கட்டும். மலேசியாவை விட்டே போகிறீர்கள் என்றால் கம்பெனி 30 நாளுக்கு முன்பே வருமான வரி வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வரி முடிந்தது என்ற கடிதம் வரும்வரை, அல்லது 90 நாள்வரை, உங்களுக்குச் சேர வேண்டிய பணத்தை நிறுத்தி வைப்பார்கள். கடைசிச் சம்பளத்தை நம்பி விமான டிக்கெட் போடாதீர்கள். வீட்டு வாடகை முன்பணமும் அப்படித்தான், பொதுவாக இரண்டு மாத வாடகை. ஒப்பந்தம் ஒரு ஆண்டுக்கு என்றால் பாதியில் போகிறவருக்கு அது திரும்பாது. டிப்ளமாட்டிக் கிளாஸ் (diplomatic clause) என்று ஒரு நிபந்தனை உங்கள் வாடகை ஒப்பந்தத்தில் இருக்கிறதா பாருங்கள், வேலை போய் நாட்டைவிட்டுப் போக நேர்ந்தால் அதைக் காட்டி வெளியேறலாம். 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டு ஊழியருக்கும் ஊழியர் சேமநிதி கட்டாயம், உங்கள் பங்கு 2 சதவீதம், கம்பெனி பங்கு 2 சதவீதம். தொகை சிறியதுதான், நாட்டை விட்டுப் போகும்போது மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

ராஜினாமாக் கடிதம் மூன்று வரி போதும்: இன்ன தேதியில் ராஜினாமா, ஒப்பந்தப்படி இத்தனை நாள் நோட்டீஸ், கடைசி வேலை நாள் இது. காரணம், மனக்குறை எதுவும் அதில் வேண்டாம். மெயிலிலும் அனுப்புங்கள், தாளிலும் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். வெளியே வருமுன் அனுபவச் சான்றிதழ், எல்லா மாதச் சம்பளச் சீட்டு, ஆண்டுச் சம்பள விவரம் காட்டும் ஈஏ (EA) படிவம் மூன்றையும் உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பச் சொல்லுங்கள். கம்பெனி மெயில் கடைசி நாள் மாலையே பூட்டிவிடுவார்கள்.