நபார்டுக்கு வருமான வரி விலக்கு மறுபடியும் வேண்டுமா?

பழைய வண்ணை:
சாலை, மின்சாரம், துறைமுகம் போன்றவற்றுக்குக் கடன் கொடுக்க 2021இல் மத்திய அரசு நாப்ஃபிட் என்று ஒரு வங்கியைத் தொடங்கியது. அதற்குப் பத்து வருடம் வருமான வரி கிடையாது. விவசாயக் கடன் கொடுக்கும் வங்கிகளுக்கே பணம் கொடுக்கும் (மறுநிதி என்பார்கள்) நபார்டும் மத்திய அரசின் வங்கிதான். 1982இல் தொடங்கியபோது அதன் சட்டத்தின் 55ஆம் பிரிவு வரிவிலக்கு தந்திருந்தது. யஷ்வந்த் சின்ஹா நிதியமைச்சராக இருந்தபோது, 2001 நிதிச் சட்டத்தில் அதைப் பிடுங்கிவிட்டார்கள். எண்ணூர்ப் பக்கம் சாலை போட நாப்ஃபிட் கடன் கொடுத்தால் அதில் வரும் லாபத்துக்கு வரி இல்லை. பொன்னேரியில் நாற்று நட நபார்டு பணம் போனால் வரி உண்டு. என்ன கணக்கு இது? விலக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

தங்கசாலைக் கணக்கு:
வந்துவிட்டேன் சார். தொழில் ஆடிட்டர் ஆபீஸ் என்பதால் இந்தப் பக்கம்தான் பேசுவேன்.

பொன்னேரி விவசாயிக்கு நபார்டு நேரடியாகக் கடன் கொடுப்பதில்லை. பணம் முதலில் என்.எஸ்.சி. போஸ் சாலையில் இருக்கிற தலைமைக் கூட்டுறவு வங்கிக்கு வரும். அங்கிருந்து மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி, அப்புறம் ஊர்ச் சங்கம். அங்கே பயிர்க்கடன் வட்டி 7 சதவீதம். ஒழுங்காகக் கட்டினால் மத்திய அரசு 3 சதவீதத்தை ஏற்கும், மீதியை மாநில அரசு ஏற்கும். அதாவது தவணை தவறாதவருக்கு நம் கூட்டுறவுச் சங்கங்களில் பயிர்க்கடனுக்கு வட்டியே இல்லை. மேலே நபார்டு வரி கட்டினால் என்ன, கட்டாவிட்டால் என்ன? அவர் பையில் ஒரு ரூபாய் மாறாது.

பழைய வண்ணை:
வட்டி மாறாது, சரி. கடன் அளவு மாறுமே? வங்கி எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்பது அதன் சொந்த மூலதனத்தைப் பொறுத்தது. ரிசர்வ் வங்கி விதிப்படி நபார்டு தன் கடன்களின் (இடரைக் கணக்கிட்ட) மதிப்பில் குறைந்தது 9 சதவீதத்தை மூலதனமாகக் காட்ட வேண்டும். அப்படியென்றால் வரியாகப் போகும் ஒவ்வொரு 100 ரூபாயும் உள்ளேயே இருந்தால், அதை வைத்து 1,000 ரூபாய்க்கு மேல் கடன் கொடுக்கலாம். அரசு தன் வலது பையிலிருந்து எடுத்து இடது பையில் போடுகிறது, நடுவில் விவசாயிக்கான கடன் சுருங்குகிறது.

தங்கசாலைக் கணக்கு:
மூலதனம்தான் வேண்டுமென்றால் பட்ஜெட்டில் ஒதுக்கிக் கொடுக்கட்டும். இத்தனை கோடி, இந்த வருடம், இந்த வேலைக்கு என்று நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்க முடியும். விலக்கு என்று கொடுத்துவிட்டால் அப்புறம் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நாப்ஃபிட்டுக்கு கொடுத்ததற்காவது பத்து வருடம் என்று கெடு இருக்கிறது. நீங்கள் கேட்பதில் கெடுவே இல்லை.

இன்னொன்று. நபார்டிடம் எந்தச் சலுகையும் இல்லை என்பது போல எழுதியிருக்கிறீர்கள். 1961 வருமான வரிச் சட்டத்தின் 36(1)(viii) பிரிவில், விவசாய வளர்ச்சிக்கான நீண்டகாலக் கடனில் வரும் லாபத்தில் 20 சதவீதம் வரை தனிக் காப்பு நிதியில் போட்டால் அந்தத் தொகைக்கு வரி இல்லை. அந்தக் கடன் குறைந்தது ஐந்து வருடத்துக்கு இருக்க வேண்டும். இது எனக்குப் பிடித்த சலுகை. வேலையைச் செய்தால்தான் கிடைக்கும்.

மீஞ்சூர்க்காரன்:
இரண்டு பேரும் உச்சாணிக் கிளையிலேயே உட்கார்ந்து பேசுகிறீர்கள். கீழே சங்கத்தைப் பாருங்கள். எங்கள் அப்பா சங்க உறுப்பினர். உரம், பயிர்க்கடன், நகைக்கடன், ரேஷன் கடை எல்லாம் சங்கத்தில்தான். அதே வருமான வரிச் சட்டத்தின் 80P பிரிவில் கூட்டுறவுச் சங்கங்களுக்கு லாபக் கழிவு இருந்தது, அதாவது லாபத்தை வரிக்கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளலாம். 2006 நிதிச் சட்டத்தில் கூட்டுறவு வங்கிகளுக்கு மட்டும் அதை எடுத்தார்கள், தொடக்க வேளாண் கடன் சங்கங்களுக்கு விட்டு வைத்தார்கள். அதனால் கணக்கு சார் சொன்ன சங்கிலியில் தலைமை வங்கியும் மாவட்ட வங்கியும் வரி கட்டுகின்றன, ஊர்ச் சங்கம் கட்டுவதில்லை.

கட்டுவதில்லை என்பது சட்டத்தில். நடப்பில், 'நீங்கள் நகைக்கடன் கொடுக்கிறீர்கள், அது விவசாயம் இல்லை, நீங்களும் வங்கிதான்' என்று எனக்குத் தெரிந்த ஒரு சங்கத்துக்கு நோட்டீஸ் வந்தது. செயலாளர் பயிர்க்கடன் பைலை விட்டுவிட்டு வக்கீல் வீட்டுக்கு அலைந்தார். கேரளாவில் மாவிலாயி சங்கம் இதே சண்டையை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோய் 2021 ஜனவரியில் ஜெயித்தது. விவசாயம் அல்லாத கடன் கொடுத்தாலும், உறுப்பினருக்குக் கொடுத்ததில் வந்த லாபத்துக்குக் கழிவு உண்டு என்றார்கள். 2023இல் அதே கேரளத்தின் மாநில வேளாண், ஊரக வளர்ச்சி வங்கிக்கும் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. பெயரில் வங்கி என்று இருந்தாலும் அது சட்டப்படி கூட்டுறவு வங்கி இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

தங்கசாலைக் கணக்கு:
தம்பி, மாவிலாயி தீர்ப்பில் நான் உங்கள் கட்சி. உறுப்பினர் அல்லாதவருக்குக் கொடுத்த கடனில் வரும் லாபத்துக்குக் கழிவு இல்லை என்றும் அதில் இருக்கிறது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஊர்ச் சங்கம் உறுப்பினர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்டது. பத்திரம் விற்றுப் பணம் திரட்டும் நபார்டுக்கு அந்த வாதம் பொருந்தாது.

பெரம்பூர் லோகோ:
அமெரிக்காவிலும் இதே தகராறு உண்டு. 1916 விவசாயக் கடன் சட்டத்தில் நில அடமான வங்கிகளுக்கு வரிவிலக்கு தந்தார்கள், அந்த வழி வந்த வங்கிகளுக்கு இன்றும் இருக்கிறது. ஆனால் அதே விவசாயக் கடன் வங்கிக் குடும்பத்தில் கூட்டுறவுகளுக்குக் கடன் கொடுக்கும் வங்கி மாநில வருமான வரி கட்டியே ஆக வேண்டும் என்று அவர்கள் உச்ச நீதிமன்றம் 2001இல் சொன்னது. தனியார் வங்கிகள், 'எங்கள் வாடிக்கையாளரை வரி கட்டாமல் இழுக்கிறார்கள்' என்று இன்னமும் கத்துகின்றன.

பழைய வண்ணை:
இங்கே தனியார் வங்கி எது பயிர்க்கடன் கொடுக்க வரிசையில் நிற்கிறது? வங்கிகள் கொடுக்கும் கடனில் விவசாயத்துக்கு 18 சதவீதம் என்று இலக்கு வைத்தும் தவறுகிறவர்களின் பணம்தான் நபார்டின் ஊரகக் கட்டமைப்பு நிதிக்கு வருகிறது.

காசிமேடு அலை:
விவசாயம் விவசாயம் என்கிறீர்கள், மீன்பிடிக்கும் கிசான் கடன் அட்டை உண்டு என்று 2018-19 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். இங்கே ஒரு வங்கிக் கிளையில் போய்க் கேட்டால் ஈடு என்ன வைப்பாய் என்கிறார்கள். ஃபைபர் படகுக்கும் வலைக்கும் மீன் ஏலக்காரரிடம் கடன் வாங்கினால், பிடித்த மீனை அவர் சொன்ன விலைக்குப் போட வேண்டும். பழைய வண்ணை அண்ணே, உங்கள் 100 ரூபாய் உள்ளேயே இருந்து 1,000 ஆகட்டும். அதில் இவ்வளவு மீன்பிடிக்கு என்று எழுதிக் கொடுப்பார்களா?

பழைய வண்ணை:
விலக்குச் சட்டத்திலேயே அந்த நிபந்தனையைச் சேர்க்கலாம்.

காசிமேடு அலை:
சேர்க்கச் சொல்லி எழுதுங்கள், அப்புறம் உங்கள் பக்கம் வருகிறேன். அதுவரை என் ஓட்டு கணக்கு சாருக்கு.