எல்லை வலு, நீடுவலு, கையிருப்பு வேலை: மிதிவண்டிச் சோதனைக்கான சொற்கள்

வணக்கம். மிதிவண்டி வீரர்களின் வாட் அளவுகளுக்கான தமிழ்ச் சொற்கள் பற்றிய மடலில் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> கிரிட்டிகல் பவர் = மாறுநிலைத் திறன். எஃப்டிபி = செயல்பாட்டுப் பயன்தொடக்கத் திறன். இவையே போதுமே?

போதாது என்பது என் எண்ணம். முதலில் 'திறன்'. தமிழ்நாட்டு இயற்பியல் பாடத்தில் வாட்டில் அளப்பது திறன்தான், சரி. ஆனால் "இந்த வீராங்கனையின் திறன் கூடியிருக்கிறது" என்று விளையாட்டுக் கட்டுரையில் எழுதினால், கூடியது வாட்டா, வளைவில் வண்டியைத் திருப்பும் லாவகமா? இலங்கைப் பாடநூல்கள் இதை 'வலு' என்கின்றன. அதையே எடுத்துக்கொள்வோம்.

அடுத்து கிரிட்டிகல் பவர். 1965-இல் மோனோ, ஷெரர் இருவரும் தசையின் வேலையை ஆராய்ந்து முன்வைத்த கருத்து இது. ஓர் அளவு வரை நெடுநேரம் மிதிக்கலாம். அதைத் தாண்டினால், தாண்டிய பங்கு ஒரு குறிப்பிட்ட அளவு வேலையைத் தின்று தீர்க்கும். ஒருவருக்கு அந்த அளவு 250 வாட், தாண்டிச் செய்யக்கூடிய வேலை 20,000 ஜூல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 வாட்டில் மிதித்தால் மிகை 50 வாட். 400 நொடியில் ஓய்ந்துவிடுவார். 350 வாட் என்றால் 200 நொடிதான். ஆகவே முதலாவது 'எல்லை வலு'. இரண்டாவது 'கையிருப்பு வேலை'. இரண்டாவதைச் 'சேமிப்பு வலு' என்று முன்பு ஒரு மடலில் பார்த்தேன். அது கூடவே கூடாது. அதன் அலகு ஜூல், வாட் அல்ல.

எஃப்டிபி (ஃபங்ஷனல் திரெஷோல்ட் பவர்), அதாவது நெடுநேரம் தாங்கக்கூடிய வலுவின் மதிப்பீடு, வேறு. 20 நிமிடம் முழு மூச்சாக மிதித்து, சராசரி வாட்டில் 95 சதவீதத்தை எடுப்பதே பெரும்பாலான வழக்கம். 'ஒருமணி வலு' என்று பெயர் வைத்தால் சுருக்கமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அளவை எல்லோராலும் ஒரு மணி நேரம் தாங்க முடிவதில்லை. ஆகவே இதற்கு 'நீடுவலு' என்பேன்; அது எந்த நேரத்தையும் வாக்களிக்கவில்லை.

அப்புறம் 'உச்ச வலு'. ஆய்வகத்தில் சுமையைப் படிப்படியாக ஏற்றி, ஓயும் நேரத்தில் எட்டும் வாட் ஒன்று. சில நொடிப் பாய்ச்சலில் எட்டும் வாட் இன்னொன்று. ஒரே ஆளுக்கு முதலாவது 400-ஐத் தொடாமலும் இரண்டாவது 1000-ஐத் தாண்டியும் இருக்கலாம். 'ஏறுசோதனை உச்சம்', 'பாய்ச்சல் உச்சம்' என்று பிரித்தே ஆகவேண்டும். 1992-இல் ஹாலி, நோக்ஸ் என்ற ஆய்வாளர்கள் 20 கிலோமீட்டர் மிதிவண்டி ஓட்ட நேரத்தோடு நெருங்கிய தொடர்பு கண்டது ஏறுசோதனை உச்சத்துக்குத்தான். பெயர் குழம்பினால் வாசகர் பாய்ச்சல் உச்சத்தை வைத்துச் சாலை நேரத்தைக் கணிப்பார்.

அந்தக் கணிப்புக்கும் இரண்டு சொற்கள் வேண்டும். நீடுவலு 300 வாட், உடல் நிறை 70 கிலோ உள்ளவரையும், 270 வாட், 60 கிலோ உள்ளவரையும் எடுத்துக்கொள்ளுங்கள். செங்குத்தான ஏற்றத்தில் இரண்டாமவர் முந்துவார், கிலோவுக்கு 4.5 வாட் இருப்பதால். இதற்கு 'நிறைவீத வலு' எனலாம். சமதளத்தில் பெரும்பகுதி வலு காற்றை எதிர்க்கவே போகிறது. அதற்கான வலு வேகத்தின் மும்மடியாக ஏறும். வேகத்தை 10 சதவீதம் கூட்ட, ஏறக்குறைய 33 சதவீதம் கூடுதல் வாட் வேண்டும். அங்கே குனிந்து ஓட்டும் நிலையும் உடல் பரப்பும் முக்கியம். நகராமல் நிற்கும் நிலைவண்டியில் எடுத்த எண்ணில் இது எதுவும் தெரியாது. 'காற்றுவீத வலு' என்று எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. வலுவைக் காற்றுத்தடைப் பரப்பால் வகுத்து வரும் இந்த அளவுக்கு நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள்.