ஏற்காடு போக்குவரத்துக் கணக்கு யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். சேலத்தில் எம்.எஸ்சி. கணிதம் படிக்கிறேன். பயணத் தடை நோய்ப் பரவலை எவ்வளவு மட்டுப்படுத்தும் என்பதுதான் ப்ராஜெக்ட். நோய் எப்படிப் பரவுகிறது என்று கணக்கிட 1927-ல் கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற இரு ஆய்வாளர்கள் தந்த சமன்பாடுகளைச் சேலம், ஏற்காடு இரண்டுக்கும் தனித்தனியாக எழுதி, மலைப்பாதைப் போக்குவரத்தால் இணைத்திருக்கிறேன். கீழே சேலத்தில் நோய் 5 நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பானால், பயணத்தை 90 சதவீதம் வெட்டினாலும் மேலே ஏற்காட்டில் அது தலைகாட்டுவது சுமார் 17 நாள்தான் தள்ளிப்போகிறது. இவ்வளவுதானா என்று சப்பென்று ஆகிவிட்டது!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கோடை விழாக் கூட்டம் வேறு, தினமும் ஏறி இறங்கும் எஸ்டேட் வேலையாட்கள் வேறு. இரண்டையும் ஒரே எண்ணில் அடைக்க முடியாது. அடிவாரம், குப்பனூர் இரு பாதைகளிலும் போகும் வண்டிகள், பஸ் பயணிகள் எண்ணிக்கை யாரிடம் கிடைக்கும்? ஞாயிற்றுக்கிழமைக்குத் தனியாக இருந்தால் ரொம்ப நல்லது. வண்டி நம்பரெல்லாம் வேண்டாம்.