செத்தாப்பாக் (கோலாலம்பூர்) பி புளோக் குழு: ரிமோட் டிரக்கோட பின்பக்க டிஃப்

தினேஷ், இரவு 8:06
முரளி அண்ணே, 1/8 அளவு ரிமோட் மான்ஸ்டர் டிரக், 6எஸ் (ஆறு செல் பேட்டரி). திராட்டில் கொடுத்தா பின்னால கரகரன்னு சத்தம், வண்டி நகர மாட்டேங்குது. தூக்கிப் பிடிச்சுப் பார்த்தா முன் சக்கரம் சுத்தவே இல்ல. முன் டிஃப் (சக்திய ரெண்டு பக்கமும் பிரிச்சுக் கொடுக்கிற கியர் பெட்டி) போச்சா?

முரளி, 8:09
முன்னால ஒண்ணும் ஆகிருக்காது. பின் டிஃப்தான்.

முரளி, 8:11
நடுவுல சென்டர் டிஃப் இருக்கிற வண்டில எந்தப் பக்கம் லேசா சுத்துதோ அந்தப் பக்கமே எல்லா சக்தியும் ஓடிரும். பின் டிஃப்போட ரிங் கியர் (பெரிய வளைய கியர்) பல்லு போனா பின்னால தடையே இல்ல. முன் சக்கரத்துக்கு எதுவும் வராது. அதைப் பார்த்துட்டு பல பேரு முன் டிஃப்ப பிரிச்சுட்டு உட்கார்ந்திருப்பாங்க.

சுகன்யா, 8:13
உறுதி பண்ணிட்டுப் பிரி தம்பி. பேட்டரிய கழட்டு. ரெண்டு பின் சக்கரத்தையும் யாரையாச்சும் அசையாம பிடிக்கச் சொல்லு. பின்பக்கம் போற சென்டர் ஷாஃப்ட்ட கையால முறுக்கு. துளி ஆடிட்டு நிக்கணும். டக் டக்னு பல்லு தாண்டினா ரிங்கும் பினியனும் (ரிங்க சுத்தற சின்ன கியர்) காலி. சத்தமே இல்லாம வழுக்கிட்டுச் சுத்தினா பினியன் கப்ப (ஷாஃப்ட் மாட்டற கிண்ணம்) பிடிச்சிருக்கிற கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத குட்டி ஸ்க்ரூ) லூசு, அது சின்ன வேலை.

தினேஷ், 8:21
டக் டக் 😭

கவிதா அக்கா, 8:22
அந்த வண்டிய இனிமே கார் பார்க்கிங்ல ஓட்டாதீங்கப்பா, தூண் தூணா போய் முட்டுது

முரளி, 8:23
அக்கா சொல்றதும் இதே விஷயம்தான் 😄 தூண்ல முட்டி சக்கரம் மாட்டிக்கிட்ட பிறகும் விரல் திராட்டில்லயே இருந்தா, மோட்டாரோட முழு முறுக்கும் ரெண்டு மூணு பல்லு மேலதான் விழும்.

ராஜூ அங்கிள், 8:25
பேசாம ஸ்டீல் கியரா மாத்திடலாமே?

சுகன்யா, 8:28
அங்கிள், 6எஸ் வண்டில பெரும்பாலும் வர்றதே ஸ்டீல்தான். பல்லு மெலிசா இருக்கிறதால போறதில்ல, ரிங்குக்கும் பினியனுக்கும் நடுவுல இடைவெளி கூடிப் போறதாலதான் போகுது. டிஃப் ரெண்டு பேரிங்குக்கு நடுவுல உட்கார்ந்திருக்கு. ஃபேக்டரில துளி ஆட்டம் விட்டிருப்பாங்க. லோடு வரும்போது ரிங் பினியனை விட்டு விலகும், பிளாஸ்டிக் கேஸும் கொஞ்சம் விரியும். பல்லோட நுனி மட்டும் கடிக்கும், நுனிதான் முதல்ல உடையும். புது கியர் போட்டாலும் அந்த ஆட்டத்த எடுக்கலன்னா திரும்பவும் அதேதான்.

தினேஷ், 8:29
ஷிம் (மெலிசான வளையம்) போடணுமா?

சுகன்யா, 8:35
ஆமா. 13 x 16 x 0.2 மில்லிமீட்டர் ஷிம் (உள் விட்டம், வெளி விட்டம், தடிமன்), பாக்கெட்டா கிடைக்கும். 1/8 வண்டில டிஃப் பேரிங் பெரும்பாலும் 8 x 16 x 5, அதோட வெளி வளையத்துல இது சரியா உட்காரும். உன் பேரிங்க கேலிப்பர்ல அளந்துட்டு வாங்கு.

போடற பக்கம் முக்கியம். ரிங் பல்லு எந்தத் திசையப் பார்க்குதோ அதுக்குப் பின்பக்கத்து பேரிங் வெளியில போடு, ரிங் பினியனை நோக்கி நகரும். முதல்ல ஒண்ணு. கேஸ மூடி எல்லா ஸ்க்ரூவும் இறுக்கின பிறகுதான் சோதிக்கணும், பாதி இறுக்கிட்டுப் பார்த்தா ஏமாத்தும். ஷாஃப்ட்ட விரலால ரெண்டு மூணு முழு சுத்து சுத்து. எந்த இடத்துலயும் இறுகக் கூடாது. டிஃப்ப பக்கவாட்டுல அசைச்சா ஆட்டம் தெரியக் கூடாது. இன்னும் ஆடினா ரெண்டாவது. இறுகினா ஒண்ண எடுத்துடு, இறுக்கமா ஓட்டினா பேரிங் சூடாகிச் சாகும்.

முரளி, 8:38
பினியனையும் முன்னும் பின்னுமா இழுத்துப் பாரு. அது ஆடினா அதோட பேரிங் பின்னாலயும் ஷிம் வேணும். நிறைய பேரு இத விட்டுடுவாங்க.

ரிங், பினியன் ரெண்டையும் ஜோடியா மாத்து. ஒண்ணு மட்டும் புதுசுன்னா தேய்ஞ்சது புதுச தின்னுடும்.

தினேஷ், 8:40
ஓகே அண்ணே. டிஃப் எண்ணெய் எவ்ளோ ஊத்தறது, எந்த நம்பர்?

முரளி, 8:46
உள்ள இருக்கிறத முழுக்க வழிச்சு எடு. இரும்புத் தூள் ஒட்டிக்கிட்டிருக்கும், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல கழுவு. சின்ன கியர்கள உட்கார வச்சு, குறுக்குப் பின் (சின்ன கியர் கோத்திருக்கிற கம்பி) மூழ்கற அளவு ஊத்து, விளிம்புக்கு 1 இல்லன்னா 2 மில்லிமீட்டர் கீழ நிறுத்து. கெட்டி எண்ணெய் மெதுவாத்தான் இறங்கும், குமிழி போற வரைக்கும் விட்டுட்டு வேற வேலை பாரு. விளிம்பு வரைக்கும் ஊத்தினா சூட்டுல விரிஞ்சு ஓ-ரிங் வழியா கசியும். ஓ-ரிங்கும் கேஸ்கெட்டும் புதுசு போடு. ஸ்க்ரூவ குறுக்கா குறுக்கா இறுக்கு.

நம்பர் (கூடக் கூட கெட்டி): முன் 10,000, நடு 100,000, பின் 10,000. இதுல ஆரம்பி. ஷாக் எண்ணெய டிஃப்ல ஊத்தாதே, அது தண்ணி மாதிரி.

சுகன்யா, 8:48
நடுவுக்கு 500,000 போடச் சொல்றவங்களும் இருக்காங்க. முன் சக்கரம் தூக்கும்போது சக்தி வீணா ஓடாது, உண்மைதான். ஆனா ஜம்ப் பண்ணி மூக்கால இறங்கினா அடி முழுசா முன் டிஃப்புக்கே போகும், நடு டிஃப் நழுவிக் கொடுக்காது. 6எஸ்க்கு நான் அவ்ளோ கெட்டியா போகச் சொல்ல மாட்டேன்.

ராஜூ அங்கிள், 8:49
டிராக்சாஸ் எக்ஸ்-மேக்ஸ் டிரக்ல நடுவுல டிஃப்பே இல்லையே, அது மட்டும் எப்படித் தாங்குது?

முரளி, 8:51
அதுல நடுவுல குஷ் டிரைவ் இருக்கு அங்கிள். உள்ள ரப்பர் வச்சிருக்கான், அடிய அது வாங்கிக்கும். எல்லா வண்டிலயும் எங்கயோ ஒரு இடம் விட்டுக் கொடுக்கணும். சிலிப்பர் கிளச்சோ (அடி விழுந்தா வழுக்கற கிளச்), டிஃப் எண்ணெயோ, ரப்பரோ. ஷாஃப்ட், கப், கியர் எல்லாத்தையும் கெட்டியாக்கினா அடுத்து உடையறது விலை கூடின சாமானாத்தான் இருக்கும்.

தினேஷ், 8:53
மோட்டார் 2050 கேவி (ஒரு வோல்ட்டுக்கு 2050 சுத்து). மோட்டார்ல மாட்டற பினியன்ல 2 பல்லு கூட்டியிருக்கேன்

சுகன்யா, 8:57
2050 x 25.2 வோல்ட் = 51,660 ஆர்பிஎம், முழு சார்ஜ் 6எஸ்ல, லோடு இல்லாம. 4எஸ்ல 16.8 வோல்ட், 34,440. தரையில இறங்கற நொடில அந்த வேகம் நின்னுபோகுது, அந்த அதிர்ச்சிதான் பல்ல உடைக்குது. அதனால காத்துல இருக்கும்போது திராட்டில்ல இருந்து விரல எடு. மூக்க தூக்க லேசா ஒரு தட்டு போதும், இறக்க லேசா பிரேக். சக்கரம் முழு வேகத்துல சுத்திட்டு இருக்கும்போது தரையத் தொடக் கூடாது.

2 பல்லு கூட்டினா மோட்டார் சூடாகும். வண்டியோட வந்த பினியனுக்கே திரும்பு. ஒரு ஓட்டம் முடிஞ்சதும் டெம்பரேச்சர் கன் வச்சுப் பாரு, 80 டிகிரி கிட்ட வந்தா நிறுத்து. நம்ம ஊரு மத்தியான வெயில்ல சீக்கிரமே வந்துடும்.

முரளி, 9:02
இஎஸ்சில (மோட்டார் வேகத்த கட்டுப்படுத்தற பெட்டி) பஞ்ச் (கிளம்பற வேகம்) குறை. ரிமோட்ல திராட்டில் எல்லைய 70 சதவீதத்துல வச்சு ஓட்டிப் பாரு, அப்புறம் கூட்டு. முழு வேகத்துல இருந்து நேரா ரிவர்ஸ் இழுக்கிற பழக்கம் இருந்தா விட்டுடு. பெரிய டயர் மாத்தினா அந்தக் கனமும் டிஃப் மேலதான்.

மோட்டார் பினியனுக்கும் ஸ்பருக்கும் (அது கடிக்கிற பெரிய கியர்) நடுவுல இடைவெளிக்கு: ஒரு துண்டு சாதா ஏ4 பேப்பர நடுவுல வச்சு மோட்டார ஸ்பர் மேல அழுத்தி இறுக்கு. பேப்பர உருவு. ஸ்பர நாலு இடத்துல சுத்திப் பாரு, சிலது கொஞ்சம் கோணலா இருக்கும். இறுக்கமான இடத்துலயும் துளி ஆட்டம் இருக்கணும்.

தினேஷ், 9:04
போர்ட்டிக்சன் பீச்ல ஓட்டலாமா அடுத்த வாரம்?

சுகன்யா, 9:05
உப்புத்தண்ணி பட்டா பேரிங் முடிஞ்சது. மணல் வேற ஸ்பர் கவர்ல போய் அரைக்கும். வேணாம்லா.

சாயங்கால மழைல நனைஞ்சாலும் அன்னிக்கே காயவச்சு பேரிங்ல ஒரு சொட்டு லேசான எண்ணெய். டபிள்யூடி-40 ஈரம் எடுக்கத்தான், அது மட்டும் போட்டுட்டு விடாதே.

முரளி, 9:09
கிரப் ஸ்க்ரூ விஷயத்தச் சொல்லிடறேன். பழைய பசைய ஆல்கஹால்ல துடை, எண்ணெய் இருந்தா லாக்டைட் (ஸ்க்ரூ பசை) பிடிக்காது. ஷாஃப்ட்டோட தட்டைப் பக்கத்துல ஸ்க்ரூ உட்காரணும். நீலம், 243. ஒரு சொட்டு. முழுசா கெட்டியாக 24 மணி நேரம் விடு. பிளாஸ்டிக்ல போற ஸ்க்ரூவுக்கு லாக்டைட் போடாதே, பிளாஸ்டிக் வெடிக்கும். சிவப்பு வேணவே வேணாம்.

சிவிடில (சக்கரத்துக்குப் போற மூட்டு ஷாஃப்ட்) இருக்கிற பின்னையும் பாரு. அதப் பிடிச்சிருக்கிற குட்டி ஸ்க்ரூ லூசானா பின் வெளிய வந்து ஹப்ப அறுத்துடும்.

சுகன்யா, 9:12
ஒண்ணு விட்டுப் போச்சு. டிஃப்ப திரும்ப வைக்கும்போது ரிங் எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு பிரிக்கறதுக்கு முன்னாடியே போட்டோ எடு. திருப்பி வச்சா பின் சக்கரம் முன் சக்கரத்துக்கு எதிரா சுத்தும், கொஞ்ச தூரத்துலயே இன்னொரு செட் கியர் போயிடும். பேட்டரி போடறதுக்கு முன்னாடி வண்டியத் தூக்கி ஸ்பர கையால சுத்து, நாலு சக்கரமும் ஒரே திசைல போகணும்.

தினேஷ், 9:14
ஓகே அக்கா. ஷோப்பி ஆன்லைன் கடைல ரிங், பினியன், ஷிம், ஓ-ரிங் போட்டுட்டேன். பேரிங்கும் சேர்க்கட்டுமா?

முரளி, 9:15
சேரு. உடைஞ்ச பல்லுத் தூள் அதுக்குள்ள போயிருக்கும். ரப்பர் சீல் உள்ளதா எடு, 688-2ஆர்எஸ். 5 மில்லிமீட்டர் அகலமான்னு பார்த்துட்டு.

தினேஷ், 9:17
பினியன் கப் ஸ்க்ரூ கழலவே மாட்டேங்குது. என்ன சைஸ் ஆலன் கீ?

முரளி, 9:19
எம்5 கிரப்னா 2.5 மில்லிமீட்டர், எம்4னா 2. தேய்ஞ்ச கீய வச்சு முறுக்காதே, ஸ்க்ரூவோட குழி உருண்டுடும். சால்டரிங் அயர்ன் நுனிய ஸ்க்ரூ மேல கொஞ்ச நேரம் வை, பசை இளகும். உடனே திருப்பு. நல்ல கீ இல்லன்னா மேல வா, என்கிட்ட செட் இருக்கு.

கவிதா அக்கா, 9:20
மேல போறவன் அப்படியே என் வீட்டு டப்பாவையும் எடுத்துட்டுப் போய் முரளி வீட்டுல கொடுத்துடுப்பா