133 அடியா 95 அடியா? வள்ளுவருக்கு மறுபடியும் அளவெடுக்க வந்துட்டாங்க

குமரிக்காரன்:
நேத்து ஒருத்தர் வந்து "கன்னியாகுமரி வள்ளுவர் சிலை 133 அடின்னு சொல்றது பொய், 95 தான், பீடத்தையும் சேத்துக் காட்டி ஏமாத்துறாங்க"ன்னு எழுதிட்டுப் போயிருக்காரு. வாசிச்சதுல இருந்து எரிச்சலா வருது. பீடம் 38, சிலை 95, மொத்தம் 133. அறத்துப்பால்ல 38 அதிகாரம், பொருளும் இன்பமும் சேந்து 95. அறத்து மேல மனுசன் நிக்காரு, அதான் சிலைய வடிச்ச கணபதி ஸ்தபதி போட்ட கணக்கு. பீடத்த கழிச்சா அறத்துப்பாலையே கிழிச்சுப் போட்ட மாதிரிதான்.

டேப்பு தங்கராசு:
அந்த "ஒருத்தர்" நான்தான், பேரச் சொல்லியே திட்டலாம். தத்துவம்லாம் சரி சார், நான் கேட்டது அளவு. நான் ஸ்டூல் மேல ஏறி நின்னு ஏழடின்னு சொன்னா ஒத்துப்பீங்களா? அமெரிக்கா சுதந்திர தேவி 151 அடி, பீடத்தோட 305. குஜராத்துல ராம் சுதார் வடிச்ச படேல் சிலைக்கு சொல்ற 182 மீட்டர்லயும் பீடம் கிடையாது. நமக்கு மட்டும் என்ன தனிக் கணக்கு?

குமரிக்காரன்:
ஸ்டூலா?? அந்தப் பீடம் ஒமக்கு ஸ்டூலா? படேல் சிலை வெண்கலத் தகடு போத்தினது, உள்ள கான்கிரீட்டும் இரும்பும். இது கருங்கல்லு ஓய், கடலுக்கு நடுவுல பாறைக்குக் கல்லு கொண்டு போயி ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினது, 2004ல சுனாமி வந்துச்சே, அசைஞ்சுதா?

டேப்பு தங்கராசு:
அசைஞ்சுதான்னு யாரு கேட்டா? எத்தன அடி? 95.

நவீன நந்தினி:
பேச வந்தது சமகால சிற்பிகளப் பத்தி. ஸ்தபதி மரபுவழி ஆளு, அவர எதுக்கு இழுக்குறீங்க? சிகாகோல சிற்பி அனிஷ் கபூர் வச்ச 'க்ளவுட் கேட்' சிற்பம் 168 ஸ்டீல் தகடு, ஒட்டுன தடமே தெரியாது, ஊரே அதுல முகம் பாக்குது. அது பொதுவெளிக் கலை.

குமரிக்காரன்:
பீன்ஸ் விதை மாதிரி கெடக்குமே அதா? ஸ்தபதி தவறுனது 2011, சிலை தொறந்தது 2000 ஜனவரி 1, பின்ன அவரு என்ன சங்க காலமா? படகு புடிச்சு வந்து அந்த இடுப்ப பாருங்கம்மா. நடராஜர் மாதிரி லேசா ஒரு ஒடிவு, வலது கை மூணு விரல நீட்டுது. கால்மாட்டுல நின்னு கால்விரல்ல கை வச்சேன், எனக்க உள்ளங்கையத் தேட வேண்டியதாப் போச்சு. அதுக்கு மேல தல எங்க இருக்குன்னு அண்ணாந்தா கழுத்து வலிக்கி. பீடமும் சேந்ததுதான் சிலை. 133.

டேப்பு தங்கராசு:
விரலப் பாத்தீங்க, ஓகே. ஆனா கால் எதுல இருந்து ஆரம்பிக்குது? பீடத்துக்கு மேல. அப்போ 95.

குமரிக்காரன்:
போன மாசம் மெரினா காந்தி சிலையும் உழைப்பாளர் சிலையும் வேற வேற ஆள் செஞ்சதுன்னு சாதிச்சது நீருதானே? ரெண்டுமே சிற்பி ராய் சௌத்ரி செஞ்சது, ரெண்டும் 1959. அதுக்கு இன்னும் பதில் வரல.

டேப்பு தங்கராசு:
அது டைப்பிங் மிஸ்டேக். பேச்ச மாத்தாதீங்க.

நவீன நந்தினி:
என்ன கேள்விக்கு என்ன பதில். "பீன்ஸ் விதை"ன்னதுக்கு யாராவது சாரி சொல்லுவீங்களா?

சும்மா பாக்கேன்:
இப்ப கண்ணாடிப் பாலம் போட்டாச்சே, விவேகானந்தர் பாறைல இருந்து நடந்தே போலாம். ரெண்டு பேரும் டேப்போட போயி அளந்துட்டு வாங்களேன்.

குமரிக்காரன்:
நான் வாறேன். எங்க இருந்து டேப்ப வைக்கிறதுன்னு மொதல்ல அவரு சொல்லட்டும்.

டேப்பு தங்கராசு:
கால்ல இருந்து.

குமரிக்காரன்:
பாறையில இருந்து ஓய். பாறையில இருந்து.