டைப்ஸ்கிரிப்ட்டில் எழுதிய நெட்சூட் ஸ்கிரிப்ட்: டிப்ளாய் ஆகுது, ஆனா ஸ்கிரிப்ட் வகை தெரியமாட்டேங்குது

தறிக்காரன்:
வணக்கம். நெட்சூட்ல (ஆரக்கிளோட பிசினஸ் சாஃப்ட்வேர்) சேல்ஸ் ஆர்டர் சேவ் ஆகும்போது கஸ்டமரோட கிரெடிட் லிமிட்டைப் பார்த்துத் தடுக்கிற ஒரு யூசர் ஈவென்ட் ஸ்கிரிப்ட் எழுதுறேன். இதுவரைக்கும் எல்லாம் ஜாவாஸ்கிரிப்ட்தான். ஃபங்ஷனுக்குத் தப்பான ஆப்ஷன் கொடுத்தா அது ஓடும்போதுதான் தெரியுதுன்னு இந்த ஒன்னை டைப்ஸ்கிரிப்ட்ல எழுதினேன். டைப்புக்கு ஹெச்ஐடிசி நெட்சூட்-டைப்ஸ் பேக்கேஜ் போட்டிருக்கேன்.

டிஎஸ்சி (டைப்ஸ்கிரிப்ட் கம்பைலர்) எரர் இல்லாம முடியுது. சூட்கிளவுட் சிஎல்ஐல (நெட்சூட்டுக்கு ஃபைல் அனுப்புற கமாண்ட் டூல்) 'ப்ராஜெக்ட்:டிப்ளாய்' கொடுத்தா நெட்சூட்டோட ஃபைல் கேபினெட்ல ஃபைல் வந்துடுது. ஆனா அதை வெச்சுப் புது ஸ்கிரிப்ட் ரெக்கார்ட் போடப் போனா, நேரா உள்ள போகாம "எந்த வகை ஸ்கிரிப்ட்"னு பட்டியல் காட்டுது. பழைய ஃபைல் எதுக்கும் இப்படிக் கேட்டதில்லை. மேல கமென்ட்ல @என்ஏபிஐவெர்ஷன், @என்ஸ்கிரிப்ட்டைப்னு ரெண்டு டேக்கும் எழுதியிருக்கேன்.

கணக்குப்புலி:
அந்தப் பட்டியல் வந்தா நெட்சூட் அதைப் பழைய சூட்ஸ்கிரிப்ட் 1.0 ஸ்கிரிப்ட்னு எடுத்துக்குதுன்னு அர்த்தம், அதாவது டேக் அதோட கண்ணுல படல. டீஎஸ் ஃபைலை விடுங்க, கம்பைல் ஆன ஜேஎஸ் ஃபைலைத் திறந்து முதல் வரி என்னன்னு சொல்லுங்க. டிஎஸ்கான்ஃபிக்ல (கம்பைலர் செட்டிங் ஃபைல்) 'ரிமூவ்கமென்ட்ஸ்' ஆன்ல இருக்கான்னும் பாருங்க.

தறிக்காரன்:
ரிமூவ்கமென்ட்ஸ் இல்லைங்க. மாட்யூல் வடிவம் ஏஎம்டி. ஆனா ஜேஎஸ் ஃபைல் நேரா 'டிஃபைன்'லதான் ஆரம்பிக்குது, கமென்ட்டையே காணோம்!

நிலவரசி:
கமென்ட் முடிஞ்ச உடனே அடுத்த வரியில இம்போர்ட் வருதா? அதுவும் முதல் இம்போர்ட் 'என்/டைப்ஸ்' ஆ? அப்படின்னா அதுதான் காரணம்.

ஒரு வரிக்கு மேல ஒட்டி இருக்கிற கமென்ட்டை அந்த வரிக்குச் சொந்தமானதா டைப்ஸ்கிரிப்ட் எடுத்துக்கும். 'என்/டைப்ஸ்' வெறும் டைப்புக்காக மட்டும் வர்ற இம்போர்ட், அதனால கம்பைல் பண்ணும்போது அதைத் தூக்கிடும். கூடவே கமென்ட்டும் போயிடும். நடுவுல ஒரு காலி வரி விடுங்க, கமென்ட் தனியா நின்னு ஃபைல் தலைக்கே வந்துடும். ஃபார்மேட்டர் ஏதாவது வெச்சிருந்தா, அது அந்தக் காலி வரியை எடுக்காம இருக்கணும்.

தறிக்காரன்:
வந்துடுச்சுங்க! இப்போ யூசர் ஈவென்ட்னு கரெக்டா காட்டுது. ஆனா ஸ்கிரிப்ட் ரெக்கார்டை சேவ் பண்ணினா சின்டாக்ஸ் எரர். ஆரோ ஃபங்ஷன் ('=>') இருக்கிற வரியைக் காட்டுது. வெர்ஷன் டேக்ல 2.0ன்னு இருக்கு, டிஎஸ்கான்ஃபிக் டார்கெட் ஈஎஸ் 2020 (ஜாவாஸ்கிரிப்ட்டோட 2020 பதிப்பு).

கணக்குப்புலி:
2.0 ஓடுறது ஈஎஸ் 5.1ல, அங்க ஆரோ ஃபங்ஷனே கிடையாது. டேக்கை 2.1 ஆக்குங்க. டார்கெட்டை ஈஎஸ் 2019ல வைங்க, அதுக்கு மேல உள்ள '?.' மாதிரி எழுத்தை எல்லாம் டைப்ஸ்கிரிப்டே பழைய வடிவத்துக்கு மாத்திக் கொடுத்துடும்.

நிலவரசி:
இன்னொன்னும் சொல்லணும், இது எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது. சிஎல்ஐ டைப் எதையும் பார்க்காது, டிப்ளாய் எக்ஸ்எம்எல் காட்டுற ஃபோல்டர்ல எந்த ஃபைல் கிடக்கோ அதை அனுப்பும், அவ்வளவுதான். டைப் எரர் இருந்தாலும் டிஎஸ்சி வழக்கமா ஜேஎஸ் ஃபைலை எழுதிடும். அப்போ எந்தத் தப்புக்காக டைப்ஸ்கிரிப்ட் பக்கம் வந்தீங்களோ, அதே தப்பு அக்கவுன்ட்டுக்குப் போய்ச் சேர்ந்துடும்.

அதனால 'நோஎமிட்ஆன்எரர்' ஆன் பண்ணுங்க. சூட்கிளவுட் கான்ஃபிக் ஃபைல்ல 'ப்ராஜெக்ட்:டிப்ளாய்'க்குக் கீழ 'பிஃபோர்எக்ஸிக்யூட்டிங்'னு ஒரு ஃபங்ஷன் எழுதலாம், அதுக்குள்ள டிஎஸ்சியை ஓட்டுங்க. எரர் வந்தா டிப்ளாய் அங்கேயே நிக்கும். கடைசியில ஆப்ஷன்ஸைத் திருப்பி ரிட்டர்ன் பண்ண மறக்காதீங்க. டீஎஸ் ஃபைல்களை ஃபைல் கேபினெட் ஃபோல்டருக்கு வெளிய வெச்சு, டிஎஸ்கான்ஃபிக் 'அவுட்டிர்'ல (கம்பைல் ஆன ஃபைல் போய் விழுற இடம்) சூட்ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரைக் கொடுத்தா டைப்ஸ்கிரிப்ட் மூல ஃபைல் நெட்சூட்டுக்குப் போகாது.

தறிக்காரன்:
2.1 போட்டதும் ஓடுது, லிமிட் தாண்டின ஆர்டரைத் தடுக்குது. நோஎமிட்ஆன்எரரும் போட்டுட்டேன். ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க.

கணக்குப்புலி:
நல்லது. அடுத்த டிப்ளாய்க்கு முன்னாடி ப்ராஜெக்ட் ஜேசன்ல 'டிஃபால்ட்ஆத்ஐடி' (எந்த அக்கவுன்ட்டுக்கு அனுப்பணும்னு சொல்றது) சாண்ட்பாக்ஸ்ங்கிற சோதனை அக்கவுன்ட்டைத்தான் காட்டுதான்னு ஒரு தடவை பார்த்துடுங்க.