பைக்கின் உயர விண்ட்ஷீல்டை (காற்றைத் தடுக்கும் முன்பக்கக் கண்ணாடி) வெட்டிக் குறைத்தவர்கள் உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

ஹிமாலயன் 411, திருநெல்வேலி
வெட்டுவதைவிட அளவு எடுப்பதில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் வண்டியில் உட்கார்ந்து கோடு போடாதீர்கள். ஒருவரை முன்னால் பிடிக்கச் சொல்லி வண்டியை நேராக நிறுத்துங்கள். ஹெல்மெட், ஜாக்கெட், ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு, நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு எப்படி உட்காருவீர்களோ அப்படித் தளர்ந்து உட்காருங்கள். முதுகை நிமிர்த்தி அளந்தால் கண்ணாடி கூடுதல் உயரத்தில் நின்றுவிடும்.

மேல் விளிம்பு மூக்கு நுனி மட்டத்துக்கு வந்தால் ரோட்டை அதற்கு மேலாகவே பார்க்கலாம். கண் மட்டத்தில் நின்றால் ஆபத்து. மழைத்துளியும் எதிர்வண்டியின் ஹை பீமும் சேர்ந்துவிட்டால் முன்னால் இருக்கும் பள்ளம் தெரியாது. நினைத்த உயரத்தில் ஒரு பட்டை மாஸ்கிங் டேப் ஒட்டிப் பாருங்கள். பட்டைக்கு மேலாகப் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி ரோடு தெரிந்தால் அளவு சரி.

டாமினார் 400, கோவை
மேலே சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். நெடுந்தூரப் பயணத்துக்கான டூரிங் கண்ணாடி பலவற்றில் மேல் நுனி நிமிர்ந்து வளைந்திருக்கும். அது அழகுக்கு இல்லை. காற்றை ஹெல்மெட்டுக்கு மேலே தூக்கிவிடுவது அந்த வளைவுதான். 50 மி.மீ. வெட்டும்போது வளைவும் போய்விட்டால், காற்று 50 மி.மீ.க்கும் அதிகமாகக் கீழே இறங்கி நேராக ஹெல்மெட்டில் வந்து அடிக்கும். தலை உதறும், இரைச்சல் கூடும். "வெட்டின பிறகு முன்னைவிட மோசம்" என்று புலம்புகிறவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

அதனால் ஒரு தடவைக்கு 20 முதல் 25 மி.மீ.க்கு மேல் வேண்டாம். வெட்டி, மாட்டி, ஹைவேயில் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்த கோடு. இன்னொரு வழியும் உண்டு: மேலே கை வைக்காமல், கண்ணாடியில் போல்ட் ஓட்டைகளை மேலே தள்ளிப் புதிதாகப் போட்டு, கண்ணாடியைக் கீழே இறக்கி, அடிப்பக்கத்தை வெட்டுவது. வளைவு தப்பிக்கும். ஹெட்லைட் இடம் கொடுக்க வேண்டும், ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பும்போது எங்கும் இடிக்கக் கூடாது.

ஃபேப்ரிகேஷன் வேலை, ஓசூர்
கண்ணாடி என்று சொன்னாலும் இது பிளாஸ்டிக்தான்; அக்ரிலிக்கா பாலிகார்பனேட்டா என்று தெரியாமல் பிளேடை வைக்காதீர்கள். வெட்டிப் போடப்போகும் ஓரத்தில் சின்னதாக அறுத்துப் பாருங்கள். துகள் பொடிப்பொடியாக உதிர்ந்தால் அக்ரிலிக். நாராகச் சுருண்டு வந்தால் பாலிகார்பனேட். அக்ரிலிக் நொறுங்கும், அதனால் அவசரம் ஆகாது.

இரண்டு பக்கமும் அகலமாக மாஸ்கிங் டேப் ஒட்டி, கோட்டை அதன்மேல் வரையுங்கள். ஜிக்சாவின் (கையில் பிடித்து அறுக்கும் மின்ரம்பம்) அடித்தட்டிலும் டேப் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடி முழுக்கக் கீறல். பிளேடில் அங்குலத்துக்கு 10 முதல் 14 பல் போதும். ரொம்பப் பொடிப் பல் என்றால் துகள் அடைத்துச் சூடேறும். அறுத்த இடம் உருகிப் பின்னாலேயே மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஆங்கிள் கிரைண்டர் வேண்டவே வேண்டாம், காரணம் அதே சூடுதான். கோட்டுக்கு 3 மி.மீ. மேலே அறுத்து, மிச்சத்தை அரத்தில் இறக்குங்கள். கண்ணாடி வளைவாக இருப்பதால் அடியில் மணல் மூட்டையோ மடித்த கம்பளியோ கொடுத்து, அறுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு ஆள் அழுத்திப் பிடிக்க வேண்டும். அதிர்வில்தான் அக்ரிலிக் விரிசல் விடும்.

மூலைகளைக் கூராக விடாதீர்கள். ஒரு ரூபாய்க் காசை வைத்துக் கோடு போட்டு உருட்டிவிடுங்கள். பிறகு விளிம்புக்கு 120, 220, 400 உப்புத்தாள், அதன்பின் 600, 1000 வாட்டர் பேப்பர் தண்ணீர் தொட்டு. நகத்தை ஓட்டினால் எங்கும் தட்டக் கூடாது. தட்டுகிற ஒவ்வொரு பல்லும் நாளைக்கு விரிசல் கிளம்பும் இடம்.

இன்டர்செப்டர் 650, சென்னை
விளிம்பைப் பளபளப்பாக்க பெயர்ப்பலகை செய்யும் போர்டுக் கடைகளில் தீ ஜுவாலை காட்டுவார்கள். அது அக்ரிலிக்குக்கு மட்டும். பாலிகார்பனேட்டில் காட்டினால் குமிழ் விடும். அக்ரிலிக்கிலும் தீ காட்டிய விளிம்பைத் தின்னர், ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் நூல் நூலாக வெடிப்பு ஓடும்.

ஹிமாலயன் 450, மதுரை
வெட்டுவது சரியாக அமைந்தும் மாட்டும்போது கெடுப்பவர்கள் உண்டு. போல்ட் கழலாமல் இருக்கத் தடவும் த்ரெட்லாக்கர் திரவம் பாலிகார்பனேட்டில் பட்டால் ஓட்டையைச் சுற்றி விரிசல் விடும். அதற்குப் பதில் நைலான் நட் போடுங்கள். பெட்ரோல், தின்னர், அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் எதுவும் கிட்டே வரக் கூடாது. சோப்புத் தண்ணீரும் மெத்தென்ற துணியும் போதும்.

6 மி.மீ. போல்ட்டுக்கு 8 மி.மீ. ஓட்டை, உள்ளே ரப்பர் புஷ். அரை மீட்டர் நீளமுள்ள அக்ரிலிக், 40 டிகிரி வெப்ப வித்தியாசத்தில் சுமார் 1.4 மி.மீ. நீளும். விரிய இடம் இல்லாமல் இறுக்கினால் ஓட்டையில்தான் உடையும். ரப்பர் லேசாகப் பிதுங்கும் வரை இறுக்கினால் போதும்.

ஹிமாலயன் 411, திருநெல்வேலி
நாகர்கோவில் பக்கம் போகிறவர்களுக்கு: ஆரல்வாய்மொழிக் கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று பக்கவாட்டில் தள்ளும். உயரக் கண்ணாடி பாய்மரம் மாதிரி அதை வாங்கி ஹேண்டிலை இழுக்கும். கண்ணாடியைக் குறைத்தால் அந்த இழுப்பு நன்றாகவே குறைகிறது. ஆனால் மழையில் நெஞ்சுக்கு இருக்கும் மறைப்பும் அதே அளவு குறையும். மலைப்பக்கம் அதிகம் ஓட்டுபவர்கள் பழைய உயரத்தில் இன்னொரு கண்ணாடியை வீட்டில் வைத்துக்கொள்வது நல்லது. போல்ட் ஓட்டை ஒன்றாக இருந்தால் மாற்றுவது லேசான வேலைதான்.